பழியும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் சிறப்பாசிரியர். பள்ளிக்கூடத்துக்கு வர முடியாத மாற்றுத்திறன் பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதோடு நானும் ஒரு குழுவின் உறுப்பினர்தான். மாதம் தவறாமல் சந்தா கட்டுகிறவள். "குழந்தை வளர்ப்பைப் பத்திப் பேசுங்க டீச்சர்" என்று தலைவி அக்கா சொன்னார். பிள்ளை வளர்க்க அறிவுரை சொல்ல நம்ம ஊரில் ஆளுக்கா பஞ்சம்? தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதனால் அந்த வேலையை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். பிள்ளைகளின் வளர்ச்சியையும் நடத்தையையும் வருஷக்கணக்காக உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்பதைச் சொல்கிறேன். அதில் நம் குழுக்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

வளர்ச்சி தாமதமான ஒரு பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் நுழைந்தால், என் காதில் முதலில் விழுவது பெரும்பாலும் இந்த மாதிரிப் பேச்சுதான். "இவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினாராம், டீச்சர்." "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்." "மாசமா இருக்கும்போது கிரகணத்துல வெளிய நின்னா, சொன்னா கேட்டாளா?" "நூறு நாள் வேலை, குழுக் கூட்டம்னு இவ சுத்தினா பிள்ளை எங்க பேசும்?" முதல் இரண்டும் காத்திருக்கச் சொல்கின்றன. அடுத்த இரண்டும் தாய் மேல் பழி போடுகின்றன. ஆனால் செய்கிற வேலை ஒன்றுதான். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதை இரண்டுமே தள்ளிப்போடுகின்றன. காத்திருக்கிறவர் நாளைக் கடத்துகிறார். பழி சுமக்கிறவள் வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுகிறாள்.

எங்கேயோ ஒன்று ரெண்டு வீட்டு விஷயம் என்று நினைக்காதீங்க. இன்க்ளென் என்ற ஆராய்ச்சி அமைப்பு இந்தியாவில் ஐந்து இடங்களில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தது. இமாச்சலத்தில் காங்க்ரா, அரியானாவில் பல்வல், ஒடிசாவில் தேன்கனல், வடக்கு கோவா, ஹைதராபாத். 2 வயது முதல் 9 வயது வரை ஏறக்குறைய 4,000 பிள்ளைகள். முடிவு 2018ல் வெளிவந்தது. பார்வை, காது, வலிப்பு, மூளை முடக்குவாதம், பேச்சு, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, ஓரிடத்தில் நிற்காத மிகைச் செயல்பாடு, கற்றல் குறைபாடு என ஒன்பதை எடுத்துக்கொண்டார்கள். இதில் ஏதாவது ஒன்றாவது இருக்கிற பிள்ளை, ஊருக்கு ஊர் வித்தியாசம் இருந்தாலும், சராசரியாக எட்டுக்கு ஒன்று. நம்ம குழு ஒன்றில் 12 பேர், 15 பேர் இருக்கிறோம். உங்கள் குழுவில் இருக்கிற வீடுகளை மனசுக்குள் ஒருமுறை எண்ணிப் பாருங்க. எந்த வீட்டுப் பிள்ளை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

முதலில் பழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழி போடுவது நம்ம ஊர் மாமியார்கள் கண்டுபிடித்த விஷயம் என்று நினைத்துவிடாதீங்க. பெரிய பெரிய படிப்புப் படித்த டாக்டர்களே இதைச் செய்தார்கள். 1943ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மற்றவர்களோடு ஒட்டாமல், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லாவிட்டால் பதறிப்போகிற பிள்ளைகள். ஆட்டிசம் என்று இன்று நாம் சொல்வது அந்தக் கட்டுரையிலிருந்துதான் பரவலாகத் தெரியவந்தது. அதுவரை நல்லதுதான். ஆனால் அந்தப் பெற்றோர்கள் பாசத்தைக் காட்டாதவர்கள் என்ற ஒரு பேச்சும் கூடவே வந்தது. பிறகு புருனோ பெட்டல்ஹைம் என்பவர், தாய் மனசு குளிர்ந்துபோனதால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று புத்தகமே போட்டார். இப்படிப்பட்ட தாய்க்கு ஃபிரிட்ஜ் அம்மா என்று ஒரு பட்டப்பெயரும் அந்த நாட்டில் நடமாடியது. பாருங்க, ஃபிரிட்ஜ் இருக்கிற ஊரில் ஃபிரிட்ஜ், கிரகணம் பார்க்கிற ஊரில் கிரகணம். தண்டனை மட்டும் எல்லா ஊரிலும் தாய்க்குத்தான்.

இதை உடைத்தது யார் தெரியுமா? பிள்ளையைப் பெற்றவர்கள்தான். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளரின் மகனுக்கு ஆட்டிசம். "என் மனைவியை எனக்குத் தெரியாதா?" என்கிற மாதிரி அவர் கிளம்பினார். கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் படித்து, இது மூளை சம்பந்தப்பட்டது, வளர்ப்பால் வருவதில்லை என்று 1964ல் புத்தகம் எழுதினார். லண்டனில் லோர்னா விங் என்ற மனநல டாக்டர். அவருடைய மகளுக்கும் ஆட்டிசம். 1962ல் அங்கே பெற்றோர்கள் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதில் அவரும் ஒருவர். அதே அம்மாதான் பின்னாளில் லண்டனின் ஒரு பகுதியில் இருந்த பிள்ளைகளைக் கணக்கெடுத்து, ஆட்டிசம் ஒரே மாதிரி இருப்பதில்லை, லேசானதிலிருந்து கடுமையானது வரை பல விதமாக வரும் என்று காட்டினார்.

1977ல் இங்கிலாந்தில் இரட்டைப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மொத்தம் 21 ஜோடி. எல்லா ஜோடியிலும் ஒரு பிள்ளைக்காவது ஆட்டிசம் இருந்தது. அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிற 11 ஜோடியில், 4 ஜோடியில் இரண்டு பிள்ளைக்கும் ஆட்டிசம். சாதாரண இரட்டையர் 10 ஜோடியில், ஒரு ஜோடியில்கூட இரண்டு பேருக்கும் இல்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது? இரண்டு வகை இரட்டையர்களையும் ஒரே வீட்டில் ஒரே தாய்தான் வளர்த்தாள். வளர்ப்புதான் காரணம் என்றால் இரண்டிலும் ஒரே கணக்கு வந்திருக்க வேண்டும். கருவிலேயே, பரம்பரை வழியாக வருகிற ஏதோ இருக்கிறது என்று அதற்குப் பிறகு யாரும் மறுக்க முடியவில்லை. அதற்கு முன்னாலேயே, 1969ல், அந்தக் கானரே பெற்றோர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் நின்று, உங்கள் மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார். அவர் கட்டுரை வந்து 26 வருஷம் ஆகியிருந்தது. அத்தனை வருஷம் எத்தனை தாய் அழுதிருப்பாள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

தடுப்பூசியால் வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஓடுகிறதே, அதையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 1998ல் 12 பிள்ளைகளை வைத்து ஒரு டாக்டர் எழுதிய கட்டுரையில் ஆரம்பித்த பேச்சு அது. அந்தக் கட்டுரையை வெளியிட்ட மருத்துவப் பத்திரிகையே 2010ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஊசி போடாவிட்டால் ஒன்று நடக்கும். கர்ப்பிணிக்கு ருபெல்லா வந்தால் வயிற்றுப் பிள்ளையின் காதும் கண்ணும் இதயமும் பாதிக்கப்படும். அதைத் தடுக்கிற ஊசியைப் பார்த்துத்தான் நாம் பயந்துகொண்டிருக்கிறோம்.

சொந்தத்தில் கல்யாணம் பண்ணுவதைப் பற்றிக் கேட்பீர்கள். மாமன் மகன், அத்தை மகன் என்று கட்டும்போது சில பரம்பரைக் கோளாறுகள், முக்கியமாகப் பிறவியிலேயே காது கேளாமை, வருகிற வாய்ப்பு கூடுகிறது. அது உண்மை. அதைக் கல்யாணம் பேசும்போது பேசுங்க. பிள்ளை பிறந்த பிறகு அந்தப் பெண்ணிடம் போய்ப் பேசுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவளா மாப்பிள்ளை பார்த்தாள்?

இனி காத்திருப்பது. எல்லாப் பிள்ளையும் ஒரே நாளில் நடக்காது, பேசாது. அது சரி. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, ஓமன், நார்வே, அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தது. ஒரு பிள்ளை எட்டு மாதத்தில் நடக்கும், இன்னொன்று ஒன்றரை வயதில் நடக்கும், இரண்டும் சரியான வளர்ச்சிதான் என்று அது சொல்கிறது. நூற்றுக்கு நாலு பிள்ளைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிட்டன. ஆனால் அந்த அளவுக்கு ஒரு கரை உண்டு. பிடிமானம் இல்லாமல் உட்காருவதற்கு ஏறக்குறைய ஒன்பது மாதம், தனியாக நடப்பதற்கு ஏறக்குறைய 18 மாதம். கரையைத் தாண்டியும் காத்திருந்தால் அதற்குப் பெயர் பொறுமை இல்லீங்க.

பேச்சுக்கும் அப்படித்தான். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், டாட்டா காட்ட வேண்டும், நிலாவையோ நாயையோ விரலால் சுட்டிக்காட்டத் தொடங்க வேண்டும். 16 மாதம் ஆகியும் அர்த்தமுள்ள ஒரு வார்த்தைகூட வரவில்லை, இரண்டு வயது ஆகியும் "அம்மா வா", "பால் தா" மாதிரி இரண்டு வார்த்தை சேர்த்துத் தானாகச் சொல்லவில்லை என்றால் காட்ட வேண்டும். எந்த வயதிலாவது, பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டால் அன்றைக்கே காட்ட வேண்டும். ஆம்பளப் பிள்ளைக்கும் இதே கணக்குதான். மாமியார் கணக்கு நாலு வயது. அந்த நாலு வயதுக்குள் மூளை வளர்கிற வேகம் பிறகு எப்போதும் திரும்ப வராது.

பேசாத பிள்ளைக்கு முதல் சோதனை காதுக்குத்தான். பின்னால் நின்று தட்டு தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. அதிர்வுக்கும் காற்றுக்கும்கூடப் பிள்ளை திரும்பும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தூங்குகிற பிள்ளைக்கே கருவி வைத்துப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் காது கேளாத 150 பிள்ளைகளைப் பார்த்து 1998ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்துக் கருவியும் பயிற்சியும் கொடுத்த பிள்ளைகளின் மொழி, அதற்குப் பிறகு கண்டுபிடித்த பிள்ளைகளின் மொழியைவிட நன்றாக இருந்தது. ஏழை வீடா, பணக்கார வீடா என்று பிரித்துப் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது.

எங்கே காட்டுவது? உங்கள் தாய் சேய் நல அட்டையிலேயே எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று படத்தோடு போட்டிருக்கிறது. நாம எடை போடுகிற பக்கத்தைத் தவிர மற்றதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. தேசிய குழந்தைகள் நலத் திட்டம் 2013லிருந்து நடக்கிறது. அந்த மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கும், ஒரு முறை அரசுப் பள்ளிக்கும் வர வேண்டும். சந்தேகம் இருக்கிற பிள்ளையை அவர்கள் மாவட்டத்தில் இருக்கிற ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். வேன் வருகிற அன்றைக்குத்தான் நம்ம வீட்டுப் பிள்ளையை ஆயா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறோம், "எதுக்கு எல்லார் முன்னாடியும்" என்று.

சரி, காட்டியாச்சு. டாக்டர் சொல்லிவிட்டார். பயிற்சி வாரத்துக்கு மூன்று நாள், ஊர் 40 கிலோமீட்டர், கூலி போய்விடும். அங்கேதான் பல தாய்மார் உட்கார்ந்துவிடுகிறார்கள். இனி நான் சொல்லப்போவது அவர்களுக்காக.

கொஞ்சம் தூரம் போவோம். ஜமைக்கா என்று ஒரு தீவு. கிரிக்கெட் பார்க்கிற உங்கள் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். நம்ம தமிழ்நாட்டில் 1989ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கினவே, அதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் நடந்தது இது. அதன் தலைநகரம் கிங்ஸ்டனில் ஏழைகள் குடியிருக்கிற பகுதிகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 பிள்ளைகளை எடுத்தார்கள். வயது 9 மாதம் முதல் 24 மாதம் வரை. சாலி கிராந்தம்-மெக்ரெகர் என்ற டாக்டர் அம்மாவும் அவரோடு இருந்தவர்களும் பிள்ளைகளை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால் மாவு. இன்னொரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு பெண் வீட்டுக்கு வந்து, தாயோடு உட்கார்ந்து, பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று செய்து காட்டுவார். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். நான்காவதுக்கு இரண்டும் கிடையாது. இப்படி இரண்டு வருஷம்.

வந்த பெண்கள் டாக்டரோ நர்ஸோ இல்லை. அந்த ஊர் சுகாதார உதவியாளர்கள். பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். கொண்டுவந்த விளையாட்டுச் சாமானும் கடையில் வாங்கியது இல்லை. காலி பாட்டில், மூடி, அட்டை, துணி இவற்றை வைத்துச் செய்தது. இந்த வாரம் ஒரு சாமான் வைத்துவிட்டுப் போவார், அடுத்த வாரம் வந்து அதை எடுத்துக்கொண்டு வேறொன்று வைப்பார்.

இரண்டு வருஷம் முடிந்தபோது பால் மாவு வாங்கிய பிள்ளைகளும் முன்னேறியிருந்தார்கள், விளையாட்டுச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளும் முன்னேறியிருந்தார்கள். இரண்டும் கிடைத்தவர்கள் அதே தெருவில் நல்ல உயரமாக வளர்ந்த பிள்ளைகளை ஏறக்குறைய எட்டிப்பிடித்துவிட்டார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் அதோடு விடவில்லை. அந்தப் பிள்ளைகள் 22 வயது ஆனபோது மறுபடி தேடிப் போனார்கள். பால் மாவின் பலன் அப்போது தெரியவில்லை. விளையாடிய பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். படிப்பு கூடுதல். சண்டை, அடிதடியில் இறங்குவது குறைவு. வாரம் ஒரு மணி நேரம், பாட்டில் மூடி, ஒரு பெண் இன்னொரு பெண் வீட்டுக்குப் போனது. அவ்வளவுதான் முதலீடு. வட்டிக்கணக்கு பார்க்கத் தெரிந்தவர்கள் நாம. நீங்களே போட்டுப் பாருங்க. இதே முறையைப் பிற்பாடு ஒடிசாவில் கட்டாக் நகரத்துக் குடிசைப் பகுதிகளிலும் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி கூடியது.

ஜமைக்காவில் இருந்தவர்கள் சத்துக் குறைந்த பிள்ளைகள், குறைபாடு உள்ள பிள்ளைகள் இல்லையே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்குக் கோவாவுக்கு வாங்க. கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் 2 முதல் 9 வயது வரை ஆட்டிசம் உள்ள 65 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2016ல் வெளிவந்தது. இதிலும் வீட்டுக்குப் போனவர்கள் நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். ஆறு மாதத்தில் 12 முறை. தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுப்பார்கள். பிறகு தாயோடு உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்ப்பார்கள். தாய் தப்புச் செய்த இடத்தை விட்டுவிட்டு, பிள்ளை லேசாகத் திரும்பிப் பார்த்த இடத்தை, தாய் சும்மா இருந்து காத்திருந்ததும் பிள்ளை தானாகக் கையை நீட்டிய இடத்தை நிறுத்தி, "இங்க பாருங்க, இப்ப நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்பார்கள். முடிவில் தாய்மார் பிள்ளையின் போக்குக்கு ஏற்றபடி பதில் கொடுப்பது கூடியிருந்தது. பிள்ளைகள் தாங்களாகவே தாயிடம் வந்து ஏதோ ஒன்றைத் தெரிவிக்கத் தொடங்குவதும் கூடியிருந்தது. எல்லாமே கூடவில்லை. இருவரும் ஒரே பொருளில் சேர்ந்து கவனம் வைக்கிற நேரம் கூடவில்லை, குறைந்துகூட இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். அதனாலேயே எனக்கு அந்த ஆய்வின் மேல் நம்பிக்கை.

கோவா வரைக்கும்கூடப் போக வேண்டாம். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் ஐயா 1981ல் தொடங்கியது. அவர்கள் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வளர்ச்சித் தாமதம் உள்ள சின்னப் பிள்ளைகளின் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பின்னால் இருந்து பிசியோதெரபிஸ்டும் பேச்சுப் பயிற்சியாளரும் வழிகாட்டுகிறார்கள். நிபுணர் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. நிபுணர் வழி சொல்ல வேண்டும், நடப்பது தாயும் பக்கத்து வீட்டுப் பெண்ணும்.

பழி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் தாய் தலையிலேயே கட்டுகிறீர்களே டீச்சர் என்று கேட்டால், ஒத்துக்கொள்கிறேன், அந்த ஆபத்து இருக்கிறது. வயலுக்கும் போய், சமைத்து, பிள்ளைக்குப் பயிற்சியும் கொடுத்து, ராத்திரி தூங்காத பிள்ளையோடு விழித்திருக்கிறவளுக்கு "இன்னும் செய்" என்று சொல்வதும் ஒரு வகைப் பழிதான். அங்கேதான் அப்பா வேண்டும், பாட்டி வேண்டும், குழு வேண்டும்.

இப்போ பிள்ளையின் அடத்தைப் பற்றி. கத்துகிறான், கடிக்கிறான், தலையைச் சுவரில் முட்டுகிறான். "கொழுப்பு, ரெண்டு போட்டா அடங்கிடும்" என்பது நம் வைத்தியம். அமெரிக்காவில் 1985ல் கார், டுராண்ட் என்ற இருவர், வளர்ச்சிக் குறைபாடு உள்ள நான்கு பிள்ளைகளைக் கூர்ந்து கவனித்தார்கள். பாடம் கடினமானால் சிலர் அடிக்கத் தொடங்கினார்கள். யாரும் கவனிக்காவிட்டால் சிலர் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு உதவி கேட்க ஒரு வாக்கியமும், தன்னைப் பார்க்கச் சொல்லிக் கேட்க ஒரு வாக்கியமும் சொல்லிக்கொடுத்தார்கள். யாருக்கு எது தேவையோ அது. அடிப்பது குறைந்தது. வாயால் கேட்கத் தெரியாததைக் கையால் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சே இல்லாத பிள்ளைக்கு ஒரு சைகை, ஒரு பட அட்டை போதும்.

இதைக் கண்டுபிடிக்க நம்ம ஊரில் ஒரு நோட்டு போதும். வரவு, செலவு, இருப்பு என்று மூன்று கட்டம் போடுவோமே, அதே மாதிரி. முதல் கட்டத்தில், அடம் பிடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது. இரண்டாவதில், பிள்ளை என்ன செய்தது. மூன்றாவதில், பிறகு நாம என்ன செய்தோம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குக் குழுவின் கணக்காளர் பெண் எழுதித் தரலாம்.

நான் போகிற ஒரு வீட்டில் ஏழு வயதுப் பிள்ளை, பேச்சு இல்லை. சில சாயங்காலங்களில் தன் கையைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வான். பாட்டி, காத்து சேட்டை என்று வேப்பிலை அடித்தார். இரண்டு வாரம் நோட்டு போட்டோம். கடித்த நாளெல்லாம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. குழாய்த் தண்ணி வருகிற நாள்! பக்கத்து வீட்டில் மோட்டார் போடுவார்கள், அந்தச் சத்தம் அவனுக்குத் தாங்கவில்லை. தண்ணி வருகிற நாளில் முன்கூட்டியே அவனைச் சித்தி வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். காதைப் பொத்திக் காட்டினால் "வெளியே போகணும்" என்று அர்த்தம் என்று பழக்கினோம். கடிப்பது அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்தது. கைப்புண் ஆறியது.

ஒன்று மட்டும் கவனிக்கணும். இதுவரை இல்லாத அடம் திடீரென்று வந்தால் முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்க. காதில் சீழ், சொத்தைப் பல், நாலு நாள் மலச்சிக்கல். சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் பல் வலித்தால் தலையைத்தான் முட்டும்.

செல்போனைப் பற்றி எப்படியும் கேட்பீர்கள். போன் பார்த்ததால் ஆட்டிசம் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையோடு பேசுகிற நேரத்தை அது எடுத்துக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது: இரண்டு வயது வரை திரையே வேண்டாம், அதற்கு மேல் நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்குள்.

இனி நம்ம குழுக்களின் வேலைக்கு வருகிறேன். பல குழுக்களில் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம், பிறகு நீக்கம் என்று விதி வைத்திருக்கிறோம். நல்ல விதிதான். எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் ஆட்டிசம் உள்ள பிள்ளையை ஒருத்தி கூட்டத்துக்குத் தூக்கி வந்தாள். அவன் கத்தினான், சந்தாப் பணத்தை இறைத்தான். "விட்டுட்டு வாம்மா" என்றார்கள். எங்கே விடுவாள்? வராமல் நின்றாள். அபராதம் ஏறியது. பெயரை அடித்தார்கள். அவள் சேமிப்பைக் கணக்குப் பார்த்து ஒரு ரூபாய் குறையாமல் திருப்பிக் கொடுத்தார்கள், நம்ம ஆட்கள் கணக்கில் சுத்தம். ஆனால் அன்றைக்கு அவள் இழந்தது சேமிப்பு இல்லை. பேச்சுத் துணை, அவசரத்துக்குக் கடன், அரசாங்க உதவி வந்தால் சொல்கிற ஆள், எல்லாம் போனது. இந்த விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று இந்த மேடையில் கேட்கிறேன்: குறைபாடு உள்ள பிள்ளையின் தாய்க்கு வருகை அபராதம் கிடையாது, கூட்டம் அவள் வீட்டுத் திண்ணையில் நடக்கலாம், அல்லது கூட்டம் முடியும்வரை ஓர் உறுப்பினர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களைப் பராமரிக்கிற குடும்பத்தாருக்கும் தனியாகச் சிறப்புக் குழுவும் தொடங்கலாம், ஐந்து பேர் இருந்தாலே போதும். ஆனால் என் ஆசை, அவர்கள் நம்ம குழுவிலேயே இருக்க வேண்டும் என்பதுதான்.

அடுத்தது உள்கடன். பிள்ளை வைத்தியத்துக்கு என்று பெரிய தொகை கேட்டால், என்ன வைத்தியம் என்று அன்போடு விசாரியுங்க. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் வாங்குகிற இடங்கள் இருக்கின்றன. தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே, ஆட்டிசத்துக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை என்று சொல்லிவிட்டது. "ஆறு மாசத்துல சரியாக்கிடுறோம்" என்று யார் சொன்னாலும் கடன் நோட்டை மூடி வையுங்க. அதே தாய், பயிற்சி மையத்துக்குப் போய்வர பஸ் காசுக்கு 500 ரூபாய் கேட்டால் முதல் ஆளாகக் கொடுங்க.

உரிமைகளை வேகமாகச் சொல்கிறேன். 2016 சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. 40 சதவீதம் என்று சான்று கிடைத்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை, பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ. தனித்துவ அடையாள அட்டை எடுத்தால்தான் பராமரிப்பு உதவித்தொகை உட்பட மற்ற கதவுகள் திறக்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஒரு லட்ச ரூபாய் வரை. அந்தப் பிள்ளைகள் 18 வயது தாண்டினால் பெற்றோரே ஆனாலும் சட்டப்படி பாதுகாவலர் சான்று வாங்க வேண்டும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவில். இதைத் தெரியாமல் பல வீடுகளில் வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கிறது. மேலாளர் சார் தலையை ஆட்டுகிறார், அவருக்குத் தெரியும்.

பந்தலின் ஓரத்தில் நானும் அங்கன்வாடி ஆசிரியை அக்காவும் ஒரு மேசை போட்டிருக்கிறோம். பாட்டில் மூடியில் கிலுகிலுப்பை, அட்டையில் படப் புத்தகம், துணிப் பந்து, எல்லாம் செய்து காட்டுகிறோம். மாதிரி நோட்டு ஒன்றும் இருக்கிறது, மூன்று கட்டம் போட்டது; ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்க. ஐந்து வயதுக்குள் பிள்ளை இருக்கிற வீடுகளின் பெயரை அடுத்த மாதக் கூட்டத்தில் எழுதி, எந்தப் பிள்ளையை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று குறித்து, அந்தப் பட்டியலைச் செயலாளர் அக்காவிடம் கொடுத்துவிடுங்க. மருத்துவக் குழுவின் வேன் எந்த அங்கன்வாடிக்கு என்றைக்கு வருகிறது என்பதை நான் வாங்கித் தருகிறேன்.